திருகோணமலையில் வள்ள எஞ்சின் திருத்த நம்பிக் கொடுக்கக்கூடிய கராஜ்

உப்புவெளிப் பக்கம், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு தகரக் கொட்டில்தான் கடை. அங்கே இருக்கிற மெக்கானிக் அவுட்போர்ட் எஞ்சின், அதாவது வள்ளத்தின் பின்னால் பூட்டுகிற எஞ்சின் மட்டும் பார்ப்பார், வேலை சுத்தம். அப்பாவின் எஞ்சினில் தண்ணீர் பீச்சுவது குறைந்து, கொஞ்ச தூரம் ஓடினாலே சூடேறிக்கொண்டிருந்தது. கொண்டுபோனதும் கீழ்ப்பகுதியைக் கழற்றி எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் இழுக்கிற சின்னச் சக்கரமான இம்பெல்லரைக் கையிலேயே தந்தார், றப்பர் இதழ்களில் இரண்டு முறிந்து மிச்சம் மணலில் தேய்ந்து வளைந்திருந்தன. அப்புறம் கியர் ஒயிலை ஒரு மூடியில் வடித்துக் காட்டினார், பால்தேத்தண்ணி மாதிரி இருந்தது, சீல் போய்க் கடல்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள் நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் ஸ்டார்ட் எடுக்க உயிர் போகும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஆனால் இதை எழுத வைத்தது அதற்குப் பிறகு நடந்தது. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவரே வீடு தேடி வந்தார். "அண்ணே, பொடியன் மாறி டூப்ளிகேட் இம்பெல்லர் போட்டிருக்கிறான், நான் ஒரிஜினல் காசு எடுத்திட்டன்" என்றார். ஒரிஜினலைக் கையோடு கொண்டுவந்து, கரையிலேயே மாற்றிப் போட்டு, முதல் வாங்கிய கூலியையும் திருப்பிக் கொடுத்தார். யாருக்குத் தெரியப்போகுது, விட்டிருக்கலாமே என்று அப்பா கேட்டதற்கு, "ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார் எண்டு சொல்லிக்கொண்டு உங்கட காசை நான் வச்சிருக்க ஏலாது" என்றார்.

நம் சபைகளில் மனந்திரும்புதல் என்றால் ஜெபத்தில் அழுவதோடு பலருக்கு முடிந்துவிடுகிறது. வேதாகமத்தில் வருகிற சகேயு என்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், அப்படி விடவில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்றுதான் லேவியராகமம் 6 சொல்கிறது, அவன் நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். ஆனால் அதை அவன் சொல்வது லூக்கா 19இல் 8ஆம் வசனம், இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு சொன்னது 5ஆம் வசனத்திலேயே, இயேசுவைப் பார்க்க ஏறிய மரத்தில் அவன் இன்னும் இருக்கும்போதே. கிருபை முதலில் வந்துவிட்டது, கணக்குத் தீர்த்தது அதற்குப் பிறகு. கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம் என்று வியாபாரம் மாதிரிப் பிரசங்கிக்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

இன்னொன்று, பில்லைக் கூட்டி எழுதித் தரமாட்டார். செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தானே சம்மாட்டியும் (வள்ளச் சொந்தக்காரர்) தொழிலாளிகளும் பங்கு பிரிக்கிறார்கள், பில்லில் ஏறுகிற ஒவ்வொரு ரூபாயும் வலை இழுத்தவனின் பங்கிலிருந்தும் போகிறது. இதனால் சில சம்மாட்டிமார் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள், அவர் மாறவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்று யோவான் ஸ்நானகன் ஆயக்காரருக்குச் சொன்னதும் இதுதானே.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியபோது வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த நேரம் அவர் தனக்கு வரவேண்டிய கடனைக் கேட்டு ஒருவரிடமும் போகவில்லை, சிலருடைய கணக்கைக் கொப்பியில் கோடு கீறியே விட்டார். எங்கள் கணக்கும் அதில் ஒன்று.

குறை சொல்வதென்றால் ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் பூட்டு, போனும் எடுக்கமாட்டார். சீசனில் எஞ்சின் படுத்துவிட்டால் இது பெரிய கஷ்டம்தான், ஆனாலும் வேலைப் பொடியன்களுக்கும் அன்று ஓய்வு கிடைக்கிறது, அது சரி என்றே எனக்குப் படுகிறது. சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தால் காத்திருக்க வேண்டும். வாடை அடங்கிக் கடல் இறங்கும் நேரம் கூட்டம் தாங்காது, அதனால் மாரி முடிவதற்குள் சேர்விசுக்குக் கொடுத்துவிடுங்கள். கூலியை முதலிலேயே கேட்கலாம், சொன்னதற்கு மேல் எடுக்கமாட்டார். 5க்கு 5.