சவுண்ட்பாரில் ஒரு நைட் பொத்தான்: மைக் செட்காரரின் மூன்று மாத அனுபவம்

முப்பத்தோரு வருஷம் கோவில்பட்டிப் பக்கம் மைக் செட் போட்டவன் நான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று ஊரையே எழுப்பிவிட்டவன், வீட்டு டிவியின் சத்தத்தை அடக்க 6,499 ரூபாய்க்குச் சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கர், வாங்கியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

காரணம் பேத்தி. ஒன்பது மாதம். மகள் அவளைத் தொட்டிலில் போட்டுத் தூங்கவைக்கிற நேரத்தில்தான் வீட்டுக்காரிக்குச் சீரியல். அதில் மருமகள் அடுப்படியில் நின்று குசுகுசுவென்று பேசுவாள். காதில் விழவில்லை என்று வால்யூமை 24-க்கு ஏற்றி வைப்போம். அந்த 24-லேயே சோப்புத்தூள் விளம்பரம் வந்து இறங்கும். "ஏங்க, குறைங்க குறைங்க" என்று இவள் கத்துவாள். பாதி நாள் பிள்ளை முழித்தது விளம்பரத்தாலா, இவளாலா என்பதே சந்தேகம்.

விளம்பரம் வந்ததும் சேனலில் எவனோ உட்கார்ந்து வால்யூமைத் திருகுகிறான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் பரணில் கிடந்த பழைய மிக்சரை, மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியை, இறக்கித் துடைத்து, டிவியின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து வயர் இழுத்துப் பார்த்தேன். அந்த மிக்சரில் ஊசி மீட்டரும் உண்டு, உச்சம் தொட்டால் எரிகிற சிவப்பு லைட்டும் உண்டு. ஊசி சோம்பேறி. ஒரு சத்தத்துக்கு முழுசாக நிமிர 0.3 வினாடி எடுத்துக்கொள்ளும், அதனால் அது காட்டுவது ஏறக்குறைய சராசரி. கண நேர உச்சத்தைப் பிடிக்கிறது லைட்தான். மாமியார் முகத்தை மூன்று கோணத்தில் காட்டி டங் டங் டங் என்று அடித்தார்களே, அப்போது லைட் எரிந்தது. விளம்பரத்திலும் அதே லைட்தான் எரிந்தது. ஆனால் சீரியலில் விழுந்து எழுந்து கொண்டிருந்த ஊசி, விளம்பரம் வந்ததும் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. முடிகிறவரை இறங்கவே இல்லை.

பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கம்ப்ரசர், உரத்த சத்தத்தை மட்டும் அமுக்குகிற கருவி. கூட்டத்தில் சில பேச்சாளர்கள் மைக்கை விழுங்குகிற மாதிரி கத்துவார்கள், அடுத்த வரியைத் தங்களுக்கே கேட்காத மாதிரி சொல்வார்கள். கத்தலை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்கிவிட்டால் எல்லா வார்த்தையும் ஒரே மட்டத்தில் கடைசி வரிசைவரை போகும். விளம்பரக்காரர்களும் ஸ்டூடியோவில் இதைத்தான் செய்கிறார்கள். உச்சம் ஏறவில்லை, பள்ளத்தை எல்லாம் மண் போட்டு மூடிவிட்டார்கள். காது உச்சத்தைக் கணக்கில் வைப்பதில்லை, மொத்தமாக எவ்வளவு நேரம் எவ்வளவு சத்தம் என்றுதான் பார்க்கிறது. போதாததற்கு நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள உயர்ந்த சுருதிக்கு ரொம்பக் கூர்மை. குழாய் ஸ்பீக்கரில் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தமே கிடையாது, ஆனாலும் பக்கத்து ஊர்வரை கேட்கிறதே, அது ஏறக்குறைய அந்த இடத்தில் கத்துவதால்தான். விளம்பரக் குரலிலும் அந்த இடத்தைத் தூக்கிவிட்டால் இன்னும் குத்தும்.

இதற்கு அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். 2010-இல் கையெழுத்தானது, 2012 டிசம்பர் 13 முதல் நடைமுறை. விளம்பரத்தின் சராசரிச் சத்தம் நிகழ்ச்சியின் சராசரியைத் தாண்டக் கூடாது. நம் நாட்டிலும் 1994-ஆம் வருஷத்துக் கேபிள் டிவி விதிகளில், விளம்பரத்தின் படமும் ஒலியும் மிதமிஞ்சி உரத்து இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. மிதமிஞ்சி என்றால் எத்தனை டெசிபல் என்று அந்த வரியில் இல்லை.

சரி, சவுண்ட்பாருக்கு வருவோம். மகன் ஆன்லைனில் போட்டு அனுப்பினான். நைட் என்று ஒரு பொத்தான், அதற்காகத்தான் வாங்கியது. அமுக்கினால் உள்ளே ஒரு கம்ப்ரசர் வேலை செய்கிறது. முள்ளை முள்ளால் எடுக்கிற வைத்தியம். சீரியலைப் பிடித்து விளம்பரத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மொத்த வால்யூமையும் நாம் குறைத்துக்கொள்ளலாம். இப்போது 11-இலேயே குசுகுசுப்பு கேட்கிறது. பிள்ளை முழிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. விளம்பரத்தின் முதல் சொல் மட்டும் தப்பித்து ஓங்கி விழும், அதற்கப்புறம்தான் இது முழித்துக்கொண்டு அமுக்கும். சீரியல் திரும்பும்போது நேர்மாறு: அமுக்கின கையை எடுக்க இரண்டு வினாடி ஆகிறது, அந்த இரண்டு வினாடி வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். வீட்டுக்காரியின் விமர்சனம் இன்னும் சுருக்கம்: "மாமியா கத்துறதும் மருமக முணுமுணுக்குறதும் ஒண்ணாவுல்ல இருக்கு!" அது உண்மை. மார்கழிக் கச்சேரி ஒன்றை நைட்டை அணைக்க மறந்து போட்டுவிட்டேன். நாயனம் ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. தவில் அடி ஒன்றில்கூட உயிர் இல்லை. இதைப் பகலில் போட்டுக் கேட்பது பாவம்.

வாங்குகிறவர்கள் முதலில் உங்கள் டிவியின் சவுண்ட் மெனுவில் ஆட்டோ வால்யூம் இருக்கிறதா என்று பாருங்கள். காசு செலவில்லை. எங்கள் டிவியிலும் இருந்தது, ஆனால் அதன் கை ரொம்ப மெத்தனம், விளம்பரம் பாதி ஓடினபிறகுதான் குறைக்கும். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள், சத்தம் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கும். படத்துக்குப் பேஸ் அதிர வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு இது ஆகாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும், ராத்திரி டிவி பார்க்கிற வயசான காதுக்கும் தாராளமாக வாங்கலாம்.

ரிமோட் மட்டும் தீப்பெட்டி அளவுதான். எல்லாப் பொத்தானும் ஒரே கறுப்பு, விளக்கை அணைத்தால் எது நைட் என்று தெரியாது. அதன்மேல் மகளின் நெயில் பாலிஷை மூன்று தடவை வைத்துக் காயவிட்டேன். இப்போது இருட்டில் விரலால் தடவினாலே தட்டுப்படுகிறது.