மலைமேல் கோல்ஃப், கையில் செயலி: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

மதுரையில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் குறைவு. எங்கள் சிறு கூட்டத்துக்கு ஆட்டம் என்றாலே வாடிப்பட்டி, கொடைரோடு, வத்தலகுண்டு தாண்டி மலையேறுவதுதான். 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் 18 ஹோல் (குழியும் அதற்கான ஆடுகளமும் சேர்ந்தது ஒரு ஹோல்) மைதானத்தில்தான் பெரும்பாலும் ஆடுகிறோம். புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "அண்ணே, எந்த ஆப் போடணும்? காசு கட்டணுமா?" சில வருடங்களாக ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் பயன்படுத்தியதை வைத்து ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

அவசரமாகப் பதில் வேண்டுவோருக்கு: ஸ்கோர் எழுதவும், ஆட்டத்தைப் பிறகு உட்கார்ந்து அலசவும் போனில் ஓடும் கோல்ஃப் செயலியைவிட வசதியான ஒன்றை நான் பார்த்ததில்லை. தூரம் பார்க்கவும் உதவும். ஆனால் மலை மைதானத்தில் திரையில் தெரியும் எண் பாதிக் கணக்குதான். மீதியை நிலத்தின் சரிவு, காற்று, பை சுமந்து கூட வரும் கேடி அண்ணன், இந்த மூன்றிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

18பேர்டீஸ், ஹோல்19, கோல்ஃப்ஷாட், ஸ்விங்யூ என்று இந்த வகையில் நிறைய உண்டு. அடிப்படை வேலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். மைதானத்தின் வரைபடம் செயலிக்குள் இருக்கும். போனின் ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும். கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) முன்விளிம்பு, நடு, பின்விளிம்பு ஆகிய மூன்றுக்கும் தூரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும். குழியைக் காட்டும் கொடி அன்று எங்கே நடப்பட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் செயலிக்குத் தெரியாது. அதனால் நடுத்தூரத்தை மட்டும் பார்த்து அடிப்பதைவிட, முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பார்த்து "இதற்குக் குறையக் கூடாது, இதைத் தாண்டக் கூடாது" என்று வைத்துக்கொள்வது எனக்கு நல்ல பலன் தந்தது. என்னைப் போன்ற சராசரி ஆட்டக்காரர்களுக்குக் கொடியைக் குறிவைப்பதைவிடக் கிரீனில் பந்து நிற்பதே பெரிய காரியம்.

நிறுவியதும் அளவு யார்டில் இருக்கிறதா மீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். 150 மீட்டர் என்பது 164 யார்டு. கேடி யார்டில் சொல்ல, போன் மீட்டரில் காட்ட, ஒரு முழு ஸ்டிக் (பந்தை அடிக்கும் கோல்; தூரத்துக்கு ஒன்றாகப் பல உண்டு) வித்தியாசம் வந்துவிடும்.

துல்லியத்துக்கு வருவோம். திறந்த வானத்தின் கீழ் சாதாரண போனின் ஜிபிஎஸ் சுமார் 4.9 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லும் என்பது அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே தரும் கணக்கு. அதாவது ஐந்து யார்டு அப்படி இப்படி. மரங்கள் நெருங்கிய ஓரத்தில் பந்து போய்விட்டால் இன்னும் கூடும்; இலையும் கிளையும் சிக்னலைத் தடுத்தும் சிதறடித்தும் விடும். பைக்குள்ளிருந்து போனை எடுத்தவுடன் தெரியும் எண்ணை நம்புவதில்லை. பந்துக்குப் பக்கத்தில் சில நொடி நின்றால் எண் ஒரு நிலைக்கு வரும், அதுதான் கணக்கு. புதிய போன்களில் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் வருகிறது. மரத்தடியில் அதன் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

போன் சரியாக இருந்தும் வரைபடம் தவறாக இருந்தால் என்ன பயன்? பயன்படுத்திய செயலிகளில் ஒன்று, ஒரு கிரீனின் நடுவை அது உண்மையில் இருக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளிக் குறித்திருந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தொலைவிலிருந்து வரைகிற வேலை. மர நிழலும் மேகமும் ஏமாற்றத்தான் செய்யும். சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. புட் போட்டு (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டி) முடித்துக் கிரீனை விட்டு இறங்கும்முன் நடுவில் நின்று திரையைப் பாருங்கள். நடுவுக்கான தூரம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் வரைபடம் சரி. இல்லையென்றால் எத்தனை யார்டு, எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 18 ஹோலையும் இப்படி ஒருமுறை சோதித்து வைத்துக்கொண்டால் பிறகு அந்த மைதானத்தில் கவலையில்லை. திருத்தம் அனுப்பும் வசதி பல செயலிகளில் உண்டு. தயவுசெய்து அனுப்புங்கள், அடுத்து ஆடுகிறவருக்கு உதவும்.

இனி மலைக் கணக்கு. செயலி காட்டுவது தரைப்படத்தில் அளந்த கிடைத்தூரம். கொடைக்கானலில் தட்டையான ஷாட் என்று கிடைப்பது அபூர்வம். பந்து மேலிருந்து கீழே போகிறதென்றால், ஒரு யார்டு இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு யார்டு குறைத்துக்கொள்ள வேண்டும். மேட்டுக்கு அடித்தால் அதே அளவு கூட்டிக்கொள்ள வேண்டும். இதற்குக் காரணம் பந்து வந்து இறங்கும் கோணம். 45 டிகிரியில் இறங்கும் பந்துக்கு இந்த ஒன்றுக்கு ஒன்று கணக்கு சரியாக இருக்கும். கிட்டத் தூரத்துக்கான வெட்ஜ் ஸ்டிக்கில் அடித்த பந்து அதைவிடச் செங்குத்தாக விழும், எனவே திருத்தம் குறைவு. நீளமான ஸ்டிக்கில் அடித்தது சாய்வாக வரும், அதனால் திருத்தம் கூடும். தரையில் விழுந்தபின் உருளுவது வேறு. இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் செயலியின் எண்ணோடு சேர்த்து நீங்களே முடிவெடுக்கலாம்.

அடுத்தது உயரம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2100 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தடுக்கும் காற்று குறைந்தால் பந்து கூடுதலாகப் பறக்கும். கோல்ஃப் உலகில் புழங்கும் தோராயக் கணக்கின்படி அந்த உயரத்தில் எட்டு சதவீதம் கூடும். சென்னையில் 150 யார்டு போகிற அடி இங்கே 160ஐத் தாண்டும். அதே சமயம், காற்று மெலிந்தால் பந்தின் சுழற்சிக்குப் பிடிப்பும் குறைகிறது. பந்து அவ்வளவாக மேலெழும்பாமல், வளையாமல் போகும். காலைக் குளிரில் காற்று கொஞ்சம் அடர்த்தியாகி இந்த லாபத்தில் சிறு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இதனால்தான் "உங்கள் 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான ஸ்டிக்) சராசரி இவ்வளவு" என்று செயலி காட்டும் அட்டவணையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சென்னை ஆட்டமும் கொடைக்கானல் ஆட்டமும் ஒரே கணக்கில் கலந்தால் வரும் சராசரி இரண்டு ஊருக்கும் பொருந்தாது. மலை ஆட்டங்களைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். சில செயலிகளில் இரண்டாவது ஸ்டிக் வரிசை போடலாம், முடியாததில் ஸ்டிக்கின் பெயரையே "7 மலை" என்று வைத்துவிடலாம். சரியாகப் படாத அடிகளையும் சராசரியில் சேர்த்துவிடும் செயலிகளும் உண்டு. அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால்தான் ஸ்டிக்கின் உண்மைத் தூரம் தெரியும்.

எல்லாரும் கேட்கும் இன்னொன்று: லேசர் தூரமானி வாங்கலாமா, போனே போதுமா? சமவெளியில் ஆடுகிறவர் என்றால் லேசர் என்று சொல்லியிருப்பேன். கொடிக்கே நேராகத் தூரம் அளக்கும், ஒரு யார்டு பிசகாது. ஆனால் கொடைக்கானலில் மஞ்சு (மூடுபனி) இறங்கினால் லேசரால் ஒன்றும் செய்ய முடியாது. அதன் ஒளி நீர்த்துளிகளில் பட்டுச் சிதறித் திரும்பிவிடும், எதிரே இருக்கும் மஞ்சையே அளந்து சொல்லும். ஜிபிஎஸ் சிக்னல் ரேடியோ அலை, மஞ்சு அதைத் தடுப்பதில்லை. கொடியும் தெரியாமல் கிரீனும் தெரியாமல் வெண்மை மட்டும் நிற்கும்போது, முன்விளிம்புக்கு 138 என்று போன் சொல்வது எத்தனை பெரிய துணை என்பதை அங்கே நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். எங்கள் மலைக்கு இந்த வகைச் செயலி பொருந்துவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். முன்னால் ஆள் இல்லை என்று கேடி போய்ப் பார்த்துக் குரல் கொடுக்காமல் மட்டும் அடித்துவிடாதீர்கள். எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மனிதர் மேல் பந்து படக் கூடாது. காட்டெருமைகளும் அங்கே சாவகாசமாக மேயும்; அவற்றுக்கு வழிவிட்டு நிற்பதுதான் முறை.

பேட்டரி விஷயம் சுருக்கமாக. மைதான வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். டீயில் (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) நின்று ஜிபிஎஸ் இடத்தைப் பிடித்ததும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடலாம். பெரும்பாலான போன்களில் அதற்குப் பிறகும் ஜிபிஎஸ் வேலை செய்யும். சிக்னல் தேடித் தேடிச் சார்ஜ் கரைவது நிற்கும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் போன் உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் இருப்பது நல்லது.

ஸ்கோர் எழுதும் பகுதியைப் பற்றி மனநிறைவோடு எழுத முடிகிறது. நாங்கள் பெரும்பாலும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுவோம். ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனுக்கேற்ற அடிச் சலுகை) கழித்துப் "பார்" (அந்த ஹோலுக்கென வகுத்த அடி எண்ணிக்கை) அடித்தால் இரண்டு புள்ளி, ஒரு அடி கூடிய போகிக்கு ஒன்று, ஒரு அடி குறைந்த பர்டிக்கு மூன்று. 1932இல் இங்கிலாந்தின் வாலசியில் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு நடத்திக் காட்டிய முறை. ஒரு ஹோல் கெட்டுப்போனாலும் ஆட்டம் முழுக்கக் கெடாது என்பதால் புதியவர்களுக்கு ஏற்றது. ஆனால் நான்கு பேருக்கு நான்கு விதமான ஹேண்டிகேப், எந்த ஹோலில் யாருக்கு எத்தனை அடி சலுகை என்று காகிதத்தில் கணக்குப் போடுவது பெரும்பாடு. செயலியில் ஒவ்வொருவர் அடித்த எண்ணிக்கையைத் தட்டினால் போதும், புள்ளி தானாக வந்துவிடும். காப்பி குடிக்கிற இடத்தில் வாக்குவாதமே இல்லை.

ஒவ்வொரு ஹோலிலும் புட் எண்ணிக்கையையும் தனியாகப் பதியுங்கள். மொத்த ஸ்கோரை மட்டும் பார்த்திருந்தால் தொலைதூரம் அடிக்கும் ஸ்டிக்கான டிரைவரில்தான் அடிகள் வீணாகின்றன என்றே நம்பிக்கொண்டிருந்திருப்பேன். பல மாதக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, நூறு யார்டுக்கு உட்பட்ட ஷாட்டுகளிலும் மூன்று புட் போட்ட கிரீன்களிலும்தான் அதிகம் போயிருந்தது. அதற்கப்புறம் மதுரையில் மொட்டை மாடியில் செயற்கைப் புல் விரித்துப் புட் பழகுவதற்கு நேரம் ஒதுக்கினேன், மொத்த அடிகள் குறைந்தன. "ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்டு" என்ற கணக்கையும் சில செயலிகள் தருகின்றன. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடியின் ஆய்விலிருந்து வந்தது. புட்டிங்குக்கான கணக்கை அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் 2011இல் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு அடியும் எத்தனை அடியை மிச்சப்படுத்தியது அல்லது தின்றது என்று சொல்லும். பயனுள்ளதுதான். தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஒப்பிடாமல் உங்கள் ஹேண்டிகேப்புக்கு நிகரானவர்களோடு ஒப்பிடும்படி அமைப்பை மாற்றிவிட்டுப் பாருங்கள்.

செயலி காட்டும் ஹேண்டிகேப்பை நமக்குள் ஆடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். உலக ஹேண்டிகேப் முறை 2020இல் வந்தது. கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரி என்பது அதன் அடிப்படை. கணக்கு ஒன்றாக இருந்தாலும், போட்டியில் செல்லுபடியாவது கிளப் வழியாகப் பதிவான ஹேண்டிகேப்தான்.

போட்டி என்றதும் ஒரு எச்சரிக்கை. 2019 விதிகளிலிருந்து தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டு, கமிட்டி தனியாகத் தடை போடாதவரை. உயர வித்தியாசத்தை அளந்து "இது உண்மையில் 142 ஆகும்" என்று சொல்லும் வசதிக்கு அனுமதி கிடையாது. ஒருமுறை பயன்படுத்தினால் மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே ஆட்டத்தில் எண்ணிக்கையில் இரண்டு அடி கூட்டித் தண்டம்; மறுமுறை என்றால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். காசு கட்டிய பதிப்புகளில் இந்தச் சரிவுக் கணக்கு தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். முதல் டீக்கு முன்பே போட்டி அமைப்பைப் போட்டு அதை நிறுத்திவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆப் இருக்கே, கேடி எதுக்கு?" என்று சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்தப் புல்வெளியில் வருடக்கணக்காக நடந்தவர்கள் அவர்கள். கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது, மழை பெய்த மறுநாள் பந்து விழுந்த இடத்திலேயே நிற்குமா உருளுமா, வாட்டில் மரங்களுக்கு அப்பால் காற்று எப்படித் திரும்பும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை. திரையில் 152 என்று வந்த ஒரு இறக்கத்தில் எங்கள் கேடி அண்ணன், "சார், நூத்தி முப்பத்தஞ்சுக்கு அடிங்க, முன்னாடி விழுந்தாப் போதும், தானா இறங்கிப் போயிரும்" என்றார். அப்படியே ஆனது. இப்போது முதலில் அவரிடம் கேட்கிறேன், பிறகு போனைப் பார்க்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் தயக்கமில்லாமல் அடிக்கலாம். மாறுபட்டால் அவர் பக்கம் நிற்கிறேன். செயலிக்குச் சந்தா கட்டப் பணம் இருக்கிறவர் அவர் கூலியில் கைவைப்பது நியாயமே இல்லை.

காசு கட்டுவது பற்றிக் கேட்டீர்களே. ஒரு வருடம் கட்டிப் பார்த்தேன். சரிவுக் கணக்கு, காற்று, விரிவான அலசல் எல்லாம் கிடைத்தது. சரிவைக் கேடி சொல்லிவிடுகிறார். காற்றுக் கணக்கு வானிலை நிலையத் தகவலிலிருந்து வருவதால் மலை மடிப்புகளுக்குள் பொருந்தவில்லை. அலசல் மட்டும் பிடித்திருந்தது. இப்போது இலவசப் பதிப்புதான். கிரீனுக்கு மூன்று தூரம், ஸ்கோர் அட்டை, புட் கணக்கு, இவை போதும். மாதத்துக்குப் பலமுறை ஆடுகிறவர், தன் ஆட்டத்தை எண்களாக ஆராய ஆர்வம் உள்ளவர் என்றால் கட்டலாம். மலையேறும்முன் இலவசப் பதிப்பை இரண்டு மூன்று ஆட்டம் பழகிவிட்டு முடிவு செய்யுங்கள். சீசனில் போவதாக இருந்தால் வண்டிக்கு இ-பாஸ் தேவையா என்பதையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.