ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸில் ஹெலிகாப்டர் ஓட்டிவிட்டு வெளியே வருகிறவர்களே, "லைசென்ஸும் வேலையும் ஒரே பேக்கேஜ்" என்பவனிடம் பணம் கட்டாதீர்கள்

பதினோரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. "ரீஃபண்ட் எல்லாம் கிடையாது சார், வேணும்னா மெயில் போடுங்க" என்று இன்று மத்தியானம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயிறு எரிகிறது. அடுத்து மாட்டப்போகிறவர் இதைப் படிக்க வேண்டும். என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

நான் ஏர்ஃபோர்ஸில் ஷார்ட் சர்வீஸ் பைலட். ஃப்ளையிங் பிரிவில் 14 வருடம் முடிந்தால் வெளியே வந்துவிட வேண்டும். பென்ஷன் கிடையாது, கையில் வருவது கிராஜுவிட்டியும் சேமிப்பும்தான். ஹக்கிம்பேட்டையில் பயிற்சி, பிறகு சேத்தக், சீட்டா என்ற ஒற்றை என்ஜின் ஹெலிகாப்டர்கள். லேயில் இருந்தபோது சியாச்சின் போஸ்ட்டுகளுக்குச் சாமான் கொண்டுபோவதுதான் வேலை. அந்த உயரத்தில் சீட்டாவில் ஒன்றிரண்டு ஜெரிகேனுக்கு (எண்ணெய் கேன்) மேல் ஏற்ற முடியாது. என்ஜினை நிறுத்தாமல் இறக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

இவ்வளவு ஓட்டியிருந்தாலும் வெளியே வந்தால் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) லைசென்ஸ் இல்லாமல் ஒருவரைக்கூட ஏற்றிக்கொண்டு போக முடியாது. பரீட்சை எழுத வேண்டும், கிளாஸ் 1 மெடிக்கல் வேண்டும், ரேடியோ லைசென்ஸ் வேண்டும், சர்வீஸில் பறந்த மணிக்கணக்குக்கு முறையான சான்று வேண்டும். இதற்கு மேல், ஓட்டப்போகும் ஒவ்வொரு ரக ஹெலிகாப்டருக்கும் லைசென்ஸில் தனியாகப் பதிவு வேண்டும், அதுதான் டைப் ரேட்டிங். சீட்டா மணிக்கணக்கை வைத்துக்கொண்டு பெல் 412 என்ற இரட்டை என்ஜின் ஹெலிகாப்டரில் போய் உட்கார முடியாது. கேதார்நாத், அமர்நாத் சீசன் வேலை என்றால் மலை அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது சீசன் வேலை. வருடம் முழுக்க ஓடுவது ஆஃப்ஷோர். மும்பை ஜுஹுவிலிருந்து மும்பை ஹை எண்ணெய்த் தளங்களுக்கு ஆள் ஏற்றிப்போவது. அங்கே இரட்டை என்ஜின் ஹெலிகாப்டர், இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் (வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) எல்லாம் கேட்பார்கள். சிங்கிள் என்ஜினிலேயே காலம் தள்ளியவனுக்கு அங்கேதான் இடிக்கும். அது தெரிந்துதான் இவர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

கடை என்றால் டெல்லியில் ஒரு கன்சல்டன்சி. பெயர் இப்போது போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். முன்னாள் ராணுவ பைலட்டுகளுக்கு லைசென்ஸ் மாற்றித் தருகிறோம், பெல் 412 டைப் ரேட்டிங் ஏற்பாடு செய்கிறோம், ஆஃப்ஷோரில் கோ-பைலட்டாகச் சேர்த்துவிடுகிறோம் என்று விளம்பரம்.

அங்கே இருந்தவர் தன்னை ஆர்மி ஏவியேஷனிலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொண்டார். என் லாக்புக்கை (பறந்த மணிக்கணக்கை எழுதி வைக்கும் புத்தகம்) வாங்கி நிதானமாகப் புரட்டினார். லே பக்கங்கள் வந்ததும் ஒரு வரியில் விரலை வைத்து, "சோனம் ஹெலிபேடில் இறக்கியிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். சியாச்சினில் இருக்கும் ஹெலிபேட் அது. அந்தப் பெயர் வெளியில் சாதாரணமாக யார் வாயிலும் வராது. அங்கே காற்று எப்படிச் சுழற்றும் என்று கையை வளைத்துக் காட்டினார். பிறகு லாக்புக்கை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சர்வீஸ்காரன் இன்னொரு சர்வீஸ்காரனை ஏமாத்த மாட்டான்" என்று இந்தியில் சொன்னார். ஒரே சமையலில் சாப்பிட்டவன் என்கிற நம்பிக்கை நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறியது. அதைத்தான் அந்த ஆள் விலைக்கு விற்றான். இனி 'அவர்' எல்லாம் கிடையாது.

பத்து லட்சம் கட்டணம், பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி ஒரு லட்சத்து எண்பதாயிரம். மொத்தமாக ஆர்டிஜிஎஸ் செய்தேன். அப்புறம் மெயிலில் வந்த ரசீதில் ஜிஎஸ்டி நம்பர் இருக்க வேண்டிய இடம் காலி. கேட்டால், "அக்கவுண்ட்ஸ் பார்த்துக்குவாங்க சார்." அசல் லாக்புக்கையும் சரிபார்ப்புக்கென்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அதோடு சரி. ஃபைல் டிஜிசிஏவில் இருக்கிறது என்பார்கள். சர்வர் டவுன் என்பார்கள். கேப்டன் ஃப்ளைட்டில் இருக்கிறார், இறங்கியதும் கூப்பிடுவார் என்பார்கள். எந்த ஃப்ளைட்டோ, இன்னும் இறங்கவில்லை. பெங்களூரில் சிமுலேட்டர் ஸ்லாட் போட்டாச்சு என்றார்கள். நானே அந்த மையத்துக்கு போன் செய்து கேட்டேன், என் பெயரில் எந்த புக்கிங்கும் இல்லை. டிஜிசிஏவின் ஆன்லைன் போர்ட்டலான ஈஜிசிஏவில் என் லாகினில் நுழைந்து பார்த்தால், ஒரு விண்ணப்பம்கூடப் போடப்படவில்லை. வேலைக்கு எடுக்கும் என்று இவர்கள் சொன்ன கம்பெனியின் எச்.ஆரிடம் பேசினால், "எங்களுக்கு ஏஜெண்டே கிடையாது சார். ஆள் தேவைன்னா நாங்களே விளம்பரம் கொடுப்போம். வேலைக்கு எடுத்த பிறகு டைப் ரேட்டிங்குக்கும் பாண்ட் எழுதி வாங்கிக்கிட்டு நாங்களே அனுப்புவோம்" என்றார். அப்படியானால் என் பதினோரு லட்சத்து எண்பதாயிரம் எதற்கு?

போலீஸ் ஸ்டேஷனில், "நீங்களா போய்க் கட்டியிருக்கீங்க, இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். விடாமல் நின்று புகாருக்கு ரசீது வாங்கியிருக்கிறேன்.

2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்ட் பக்கம் பெல் 407 விழுந்து ஏழு பேரும் இறந்தார்களே, அதை ஓட்டியவரும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்தான். உயிரைப் பணயம் வைக்கிற இந்த வேலையில் சேரத் துடிப்பவனின் கிராஜுவிட்டியில் கை வைக்கிறார்கள். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா இவர்களுக்கு?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டிஜிசிஏ வேலைகளை உங்கள் லாகினில் நீங்களே செய்யலாம். அரசுக் கட்டணத்தை நீங்களே ஆன்லைனில் கட்டுங்கள், தனியார் அக்கவுண்ட்டுக்கு அனுப்பாதீர்கள். வேலை கையில் வராமல் டைப் ரேட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். சர்வீஸில் இருக்கும்போதே பரீட்சைகளை எழுதி முடித்துவிடுங்கள். அசல் லாக்புக்கை எவனிடமும் கொடுக்காதீர்கள்.

என் லாக்புக் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம். போட மாட்டேன். இதே மாதிரி டெல்லியில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், ரசீதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.