லால்குடியிலிருந்தே போய்வருவதா, திருச்சிக்குக் குடிபோவதா?

லால்குடி பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் ஓடும் பேச்சு இது. நான் திருச்சி சின்னக்கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்தே போய்வருவது என்று முடிவு செய்துவிட்டதால், அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

திருச்சியில் இருந்தால் அலைச்சல் குறைவு, ஆஸ்பத்திரி பக்கம். இதெல்லாம் தெரிந்ததுதான்.

செலவில் ஊர்தான் மேல். அட்வான்ஸ், வாடகை கிடையாது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வாடகை வீடுகள் பலவற்றில் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்கிவிடுகிறார்கள். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆண்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

இத்தனை இருந்தும், ராத்திரி பஸ் இல்லையென்றால் நானும் குடிபோயிருப்பேன். கடை ஒன்பதுக்கு மூடினாலும் உடனே கிளம்ப முடியாது. வந்தவர்கள் விரித்துப் பார்த்த சேலைகளை மடித்து, விலைச்சீட்டு வெளியே தெரிகிற மாதிரி அடுக்கிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். அப்புறம் சத்திரம் பேருந்து நிலையம். அங்கே ஊருக்குள் வரும் கடைசி டிரிப் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் காலையில் வீட்டைப் பூட்டுகிறேன்.

பக்கத்து ஊரில் எங்களைவிட நல்ல தார்ச்சாலை. பஸ் மட்டும் ஏழு மணியோடு சரி. அங்கிருந்து என்னோடு வேலைக்கு வந்தவர்கள் உறையூருக்குக் குடிபோய்விட்டார்கள். லால்குடியில் இறங்கி ஆட்டோவில் போனால் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? ரோடு போட்டுவிட்டால் ஜனம் ஊரில் தங்கிவிடும் என்பதை நான் நம்பாதது இதனால்தான். 1997-இல் மினி பஸ் வந்தது, 2025-இல் புதிய மினி பஸ் திட்டமும் வந்திருக்கிறது. உங்கள் ஊருக்கு வழித்தடம் கேட்டு மனு எழுதினால், ராத்திரி டிரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். கூட்டம் இல்லை என்று முதலில் கை வைப்பது அதில்தான்.

பிள்ளைகளின் மேல்படிப்புக்கு எது நல்லது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என் மகன் இப்போதுதான் ஐந்தாவது. நைட் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் என் கணக்கு ஒத்துவராது. அவர்கள் திருச்சியிலேயே வீடு பார்ப்பதுதான் சரி.