மீன் சட்டிக்கு எந்த எண்ணெய்? புளியா, வினிகரா?

மண்டபம் கடற்கரையில் நல்ல சீலா மீன் கிடைத்துவிட்டால் எங்கள் வீட்டில் வாதம் தொடங்கிவிடும். அம்மாவுக்கு நல்லெண்ணெய்தான். கேரளத்தில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பிய அண்ணனுக்குத் தேங்காய் எண்ணெயைத் தவிர எதுவும் பிடிக்காது. ஒரே மீன், ஒரே மசாலா, இரண்டு சட்டி என்று வைத்துப் பார்த்துவிட்டேன். புளிக்குழம்புக்கு நல்லெண்ணெய்தான், சந்தேகமே இல்லை.

காரணம் மிளகாயில் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயின் காரமும் சிவப்பும் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். நல்லெண்ணெய் அதை வாங்கிக்கொண்டு, தன் லேசான கசப்பால் புளியின் கூர்மையையும் தணிக்கிறது. எள்ளோடு கருப்பட்டி போட்டுச் செக்கில் ஆட்டியது என்றால் கசப்பு இன்னும் குறையும். மறுநாள் காலை மண்சட்டியைத் திறந்து பாருங்கள். குழம்பின்மேல் செந்நிற எண்ணெய் மெல்லிய ஏடாகப் படர்ந்திருக்கும், மீன் துண்டின் ஓரம் கருஞ்சிவப்பாக ஊறியிருக்கும். அண்ணனின் சட்டியிலோ தேங்காய் மணம் முந்திக்கொண்டது, புளியைத் தேட வேண்டியிருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய நண்டுக் குழம்பு என்றால் மட்டும் நான் அண்ணன் பக்கம்.

வறுவலுக்கு இரண்டுமே வேண்டாம். ஒருமுறை நல்லெண்ணெயைச் சட்டி நிறைய ஊற்றிச் சூடை மீன் பொரித்தேன். நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கடலை எண்ணெய் சூடு தாங்கும், மீனின் ருசியையும் மறைக்காது.

இனி புளிப்பு. வீட்டில் புளி தீர்ந்த ஒரு நாள் குழம்பில் வினிகரை ஊற்றினேன். கொதிக்கத் தொடங்கியதும் ஆவி கண்ணைக் கரித்தது, இறக்கிப் பார்த்தால் குழம்பு நீர்த்துக் கிடந்தது. வினிகரின் புளிப்பு அசெட்டிக் அமிலம். கொதிக்கக் கொதிக்க அதில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், அது ஆவியாகாது. குழம்பு வற்ற வற்றப் புளிப்பு ஏறும், புளிக்கரைசலின் சதைப்பற்றால் குழம்பும் கெட்டிப்படும். நெடுநேரம் கொதிப்பதற்கும் மறுநாளைக்கு வைப்பதற்கும் புளிக்கு ஈடு எதுவும் இல்லை.

ஆனால் வினிகரை ஒதுக்கிவிடாதீர்கள். மீன் கவிச்சிக்குக் காரணமான அமீன் என்ற வேதிப்பொருள்களைப் புளிப்பு எதுவானாலும் கட்டிவிடும். அடுப்பில் ஏற்றாத இடத்தில் அந்த வேலைக்கு வினிகர்தான் வசதி, புளியைப் போல நிறத்தைக் கெடுக்காது. வறுத்த மீனுக்குத் தொட்டுக்கொள்ள, நறுக்கிய சின்ன வெங்காயத்தில் உப்பும் ஒரு தேக்கரண்டி வினிகரும் விட்டுக் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். பாத்திரம் மட்டும் கண்ணாடியோ பீங்கானோ ஆக இருக்கட்டும், அலுமினியம் கூடாது.

வாங்கும்போது பாட்டிலின் பின்பக்கத்தையும் படியுங்கள். செயற்கை வினிகர் என்பது அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது, புளிப்பு உண்டு, மணம் இல்லை. பழச்சாறோ தென்னங்கள்ளோ புளித்து வந்ததில் ஒரு பழ வாசனை தங்கியிருக்கும். கணவாயை அதில் புரட்டினால் பத்து நிமிடம் போதும். அதற்குமேல் விட்டால் சதை வெளுத்து இறுகிவிடும்.