த்ரீ டி படத்தைப் பார்த்து ஐலேண்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் புது வீடு கட்டி, போன தை மாதம் பால் காய்ச்சினோம். சமையலறைக்கு மட்டும் 4,80,000 ரூபாய் ஆனது. அந்தச் சமையலறையில் ஃபிரிட்ஜின் கதவு பாதிதான் திறந்தது. பாத்திரம் கழுவும் மிஷினைத் திறந்துவிட்டால் அடுப்புப் பக்கம் ஆள் நடக்க முடியாது. முட்டி ஆபரேஷன் ஆன என் மாமியார் வாக்கரை வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் வரவே முடியவில்லை.

எங்கள் பக்கம் வீடு கட்டுகிற நிறையப் பேர் இப்போது ஐலேண்ட் கேட்கிறார்கள். சுவரை ஒட்டாமல் நடுவில் தனியாக நிற்கிற மேடை. நானும் ஆசைப்பட்டுத்தான் கேட்டேன். நாலு பேர் சுற்றி நின்று ஒப்புட்டு தட்டலாம், பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைத்தேன். அதைச் சுற்றி எவ்வளவு நடை இடம் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள், கேட்டபோதெல்லாம் "பார்த்துக்கிட்டோம் மேடம்" என்றே சொன்னார்கள்.

கோயமுத்தூரில் பெரிய ஷோரூம் வைத்திருக்கிற ஒரு மாடுலர் கிச்சன் கம்பெனி அது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. சுவர் எழும்பியதும் ஒரு பையன் வந்து அளவு எடுத்துப் போனான். பத்து நாளில் த்ரீ டி படம் வந்தது. பார்த்தால் கல்யாண மண்டபம் போல விசாலமாக இருந்தது. நடுவில் ஐலேண்ட், அதன் ஒரு பக்கம் மூன்று ஸ்டூல், பின்னால் ஃபிரிட்ஜ். அந்தப் படத்தில் எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை, ஓர் ஆள்கூட நிற்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அகலமாகக் காட்டுகிற கேமராக் கோணத்தில் அந்தப் படத்தைப் போடுவார்களாம். பத்தடி அறைகூடப் பதினைந்தடி மாதிரி தெரியும்.

அளவு போட்ட தரைப்படமும் கூடவே தந்தார்கள். சுவருக்குச் சுவர் 12 அடி 6 இன்ச். அடுப்பு மேடை 24 இன்ச், நடை 36, ஐலேண்ட் 30, நடை 36, எதிர்ச் சுவரில் ஃபிரிட்ஜும் டால் யூனிட் என்கிற உயர அலமாரியும் 24. கூட்டினால் 150 இன்ச், கணக்குச் சரியாக வரும். காகிதத்தில் மட்டும்தான் சரி.

முதலில் கண்டுபிடித்தது எங்கள் கொத்தனார் அண்ணன். டைல்ஸ் ஒட்டுகிற நேரத்தில் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங் அம்மிணி, இதுல பூச்சு எங்கீங்க? இது வெறுங்கட்டு அளவுங்க. பூசி, டைல்ஸ் ஒட்டுனா ரெண்டு பக்கமும் சேத்து ரெண்டரை இன்ச் உள்ள வந்துருமுங்க" என்றார். உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் கணக்குல எடுத்தாச்சு மேடம், ஃபைனல் மெஷர்மென்ட் எடுத்துத்தான் ஃபேக்டரிக்கே போகும்" என்றார்கள். பில்லில் இரண்டு தடவை அளவெடுத்ததற்கு 5,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது தடவை யாரும் வரவே இல்லை. பில்லில் எழுதியிருக்கிற தேதியில் வீடு பூட்டியிருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது.

பெட்டிகள் வந்து இறங்கின. அன்றைக்குள் மொத்தத் தொகையில் 90 சதவீதம் கட்டியாக வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. கட்டினோம். மாட்டி முடித்த அன்று ராத்திரி நானும் வீட்டுக்காரரும் டேப் பிடித்து அளந்தோம். எங்கெங்கே எவ்வளவு போனது என்று சொல்கிறேன், உங்கள் படத்தோடு ஒத்துப் பாருங்கள்.

பூச்சும் டைல்ஸும் ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் இன்ச் எடுத்துக்கொண்டது. அடுப்பு மேடையின் பெட்டி 24 இன்ச்தான், மேலே போட்ட கிரானைட் ஓர் இன்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஐலேண்டின் கல்லும் அந்தப் பக்கம் ஓர் இன்ச் நீட்டல். ஆக அடுப்புப் பக்கம் 36 இன்ச் என்று எழுதிய நடை நிஜத்தில் 32¾ இன்ச்.

எதிர்ப்பக்கம்தான் வயிறு எரிகிறது. எங்கள் ஃபிரிட்ஜ் கைப்பிடியோடு சேர்த்து 28 இன்ச் ஆழம். பின்னால் பிளக்குக்கும் காற்றுக்கும் 2 இன்ச் விட வேண்டும். ஆக 30. படத்தில் போட்டது 24. அடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் போக வேண்டும் என்று ஐலேண்டின் கல்லை அந்தப் பக்கம் 9 இன்ச் நீட்டிவிட்டார்கள். அந்த 9 இன்ச் படத்தில் எங்கேயும் கிடையாது, பெட்டியின் அளவை மட்டும் எழுதியிருக்கிறார்கள். பூச்சு ஒன்றேகால், ஃபிரிட்ஜ் ஆறு, கல் ஒன்பது. கழித்தால் மிச்சம் 19¾ இன்ச். ஒன்றே முக்கால் அடிகூட இல்லை. சாதாரண வாக்கரே இரண்டடி அகலம் இருக்கும்.

எங்களுடையது இரண்டு கதவு ஃபிரிட்ஜ். மேலே இருக்கிற ஃபிரீசர் கதவு கல்லுக்கு மேலாகத் தப்பித்துத் திறந்துவிடும். கீழ்க்கதவு பாதி திறந்ததும் "டொக்" என்று கல் விளிம்பில் இடிக்கும். கதவு முழுசாகத் திறந்தால்தான் காய்கறி டிரே வெளியே வரும். அதனால் ஐந்து மாதமாகக் கீரையையும் கொத்தமல்லியையும் மேல்தட்டிலேயே அடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். கதவில் இடித்து இடித்து ஒரு விரல் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து தகரம் தெரிகிறது.

பால் காய்ச்சிய மறுநாள் காலையில் சந்தகை. வீடு நிறைய ஒரம்பரை. அரைத்த மாவை இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிந்தாக வேண்டும், ஆறிவிட்டால் கையை ஒடித்தாலும் இறங்காது. ஒருவர் இட்லித் தட்டை எடுத்து வர, ஒருவர் அச்சைச் சுற்ற, ஒருவர் கீழே தட்டுப் பிடிக்க, மூன்று பேர் வேலை அது. மூன்று கால் இரும்பு அச்சை அந்த 32¾ இன்ச்சுக்குள் வைத்தோம். என் நாத்தனார் கொதிக்கிற இட்லித் தட்டோடு திரும்பினார், பின்னால் நான் டிராயரை இழுத்திருந்தேன். அவர் இடுப்பில் டிராயர் முட்டி, தட்டு சாய்ந்து, கொதிநீர் அவர் முன்னங்கையில் கொட்டிவிட்டது. கொப்புளம் ஆற மூன்று வாரம் பிடித்தது. "விடு கண்ணு, புது வீட்டுல அழுகாத" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். அச்சைத் தூக்கிப்போய்த் திண்ணையில் வைத்து மீதியைப் பிழிந்தோம். நாலரை லட்சத்துக்கு மேல் கொட்டிய சமையலறையில் சந்தகை பிழிய இடமில்லை.

அதற்கு அப்புறம்தான் எவ்வளவு இடம் வேண்டும் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சமையலறை, குளியலறை வடிவமைப்பவர்களுக்கு என்.கே.பி.ஏ. என்று ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் வகுத்த வழிகாட்டு அளவு இது: ஒருவர் மட்டும் சமைக்கிற வீட்டில் மேடைக்கும் ஐலேண்டுக்கும் நடுவில் குறைந்தது 42 இன்ச், ஒரே நேரத்தில் இரண்டு பேர் புழங்கினால் 48 இன்ச். வேலை நடக்காத, வெறுமனே கடந்து போகிற வழிக்கு 36. எங்களுக்குத் தந்தது அந்தக் கடந்து போகிற அளவு, அதுவும் காகிதத்தில். நம் வீடுகளில் விசேஷம் என்றால் சமையலறையில் நாலு பேர் நிற்பார்கள், 48 இன்ச்சுக்குக் குறைய வேண்டாம் என்பேன்.

ஸ்டூல் போடுகிற பக்கத்துக்குக் கணக்கு வேறு. உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் யாருமே போகமாட்டார்கள் என்றால், கல் விளிம்பிலிருந்து சுவரோ ஃபிரிட்ஜோ வரைக்கும் 32 இன்ச். ஒதுங்கி ஒட்டிக்கொண்டு போவதற்கு 36. நிம்மதியாக நடந்து போவதற்கு 44. எங்களுக்கு இருந்த 19¾ இன்ச்சில் ஸ்டூலைப் பின்னால் இழுக்கவே முடியாது, உட்காருவது எங்கே? கால் போவதற்குக்கூட 36 இன்ச் உயர மேடையென்றால் 15 இன்ச் நீட்டல் வேண்டுமாம். 9 இன்ச் கல்லின் அடியில் பெரியவர்கள் முட்டி போகாது. ஆக நடக்கிற வழியைப் பிடுங்கிக்கொண்டதும் இல்லாமல், உட்காரவும் உதவாத கல் அது.

கதவுகளைச் சேர்த்துப் பாருங்கள். பாத்திரம் கழுவும் மிஷினின் கதவு இறங்கினால் இரண்டடிக்குக் கிட்டத்தட்ட முன்னால் வரும். மேடையில் இருக்கிற பெரிய டிராயரை முழுசாக இழுத்தால் ஒன்றரை அடிக்கு மேல் வரும். எதிரே ஐலேண்டிலும் டிராயர் வைத்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க முடியாது. அதோடு சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் நடுவே போடுகிற நேர்கோட்டை ஐலேண்ட் ஓர் அடிக்கு மேல் குறுக்கே வெட்டக் கூடாது என்றும் அந்த வழிகாட்டுதலில் இருக்கிறது. எங்களுடையதில் ஃபிரிட்ஜிலிருந்து அடுப்புக்குப் போக ஆறடி ஐலேண்டை முழுசாகச் சுற்ற வேண்டும். பால் எடுக்க ஒரு சுற்று, வைக்க ஒரு சுற்று.

நீங்களே கூட்டிப் பாருங்கள். கல்லோடு சேர்த்து மேடை 25, நடை 42, ஐலேண்ட் 32, நடை 42, ஃபிரிட்ஜ் 30. மொத்தம் 171 இன்ச், அதாவது பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு 14 அடி 3 இன்ச். ஸ்டூல் இதில் சேர்த்தி இல்லை. எங்கள் அறைக்கு ஐலேண்டே ஆகாது. "அக்கா, இடம் பத்தாது, ஒரு பக்கச் சுவரைக் காலியா விடுங்க, இல்லேன்னா சக்கரம் வைத்த மேசை போட்டுக்கோங்க" என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்போம். ஐலேண்டுக்கு மட்டும் 1,10,000 ரூபாய் பில் என்பதால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

நகர்த்தி வைக்கலாமே என்று கேட்பீர்கள். கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் ஐலேண்டில் பிளக் வேண்டும் என்று தரைக்கு அடியில் பைப் போட்டாயிற்று. நகர்த்தினால் தரையை உடைக்க வேண்டும். கம்பெனி மேனேஜர் வந்து பார்த்தார். ஃபிரிட்ஜ் கதவை அவரே திறந்து, அவரே இடித்துப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, நாலாவது பக்கத்தில் பொடி எழுத்தில் "அளவுகள் தோராயமானவை, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டது" என்று இருந்த இடத்தைக் காட்டினார். "நீங்கதான மேடம் சைன் பண்ணியிருக்கீங்க. மாத்தித் தரணும்னா 65,000 ஆகும்." என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு வாசலைக் காட்டி, "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். அதற்குப் பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கம்பெனி கோயமுத்தூரில் இருக்கிறதே, அங்கே அலைய வேண்டுமா என்று பயந்தேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தரைப்படம், பில், வாட்ஸப் பேச்சு எல்லாம் வைத்திருந்ததால் புகார் எழுத முடிந்தது. வாயால் சொன்ன எதையும் "இன்னைக்குப் போன்ல இப்படிச் சொன்னீங்க" என்று அன்றே வாட்ஸப்பில் அனுப்பி வையுங்கள். கொத்தனார் சொன்ன அன்று நான் அப்படிச் செய்யவில்லை, அந்தப் போன் பேச்சுக்கு இப்போது என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

இப்போது கட்டுகிறவர்கள் பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு கம்பெனி ஆளை வரவழைத்து, உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லி, அந்த அளவில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். தரைப்படத்தில் பெட்டியின் அளவு வேண்டாம், கல் விளிம்பிலிருந்து கல் விளிம்புக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜின் மாடல் நம்பரைக் கொடுத்து அதன் ஆழத்தையும் கதவு திறந்த அளவையும் போடச் சொல்லுங்கள். தரையில் சாக்பீஸால் ஐலேண்டைக் கல்லின் அளவுக்கு வரைந்து, அதன் மேல் செங்கல் அடுக்கி, இல்லையென்றால் இரண்டு அட்டைப் பெட்டியை வைத்து, வீட்டில் இருக்கிற பெரியவரை ஒரு குடத்தோடு சுற்றி நடக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஆகும், ஒரு ரூபாய் செலவில்லை. எங்களை மாதிரி 90 சதவீதத்தை முன்னாலேயே கட்டிவிட்டு, கடைசிக்கு 10 சதவீதம் மட்டும் வைத்துக்கொள்ள ஒத்துக்கொள்ளாதீர்கள். மாட்டி முடித்து எல்லாக் கதவையும் திறந்து பார்க்கிற வரைக்கும் கால்வாசிப் பணமாவது உங்கள் கையில் இருக்கட்டும்.

மாமியாருக்காக வேறு வழியில்லாமல், புகாருக்குப் போட்டோவும் வீடியோவும் எடுத்து வைத்துக்கொண்டு, போன மாதம் கல் அறுக்கிற ஆளைக் கூப்பிட்டு ஸ்டூல் பக்கத்து நீட்டலில் 8 இன்ச்சை அறுத்தெடுத்தோம். 4,500 ரூபாய், வீடு முழுக்கத் தூசி. இப்போது அந்தப் பக்கம் 27¾ இன்ச். ஃபிரிட்ஜ் கதவு திறக்கிறது, டிரே வெளியே வருகிறது. அத்தை வாக்கரை உரசாமல் உள்ளே வந்து, காபிக்குப் பாலை அவரே எடுத்துக்கொள்கிறார். மூன்று ஸ்டூலும் மோட்டார் ரூமில் கிடக்கின்றன. அடுப்புப் பக்கத்து 32¾ இன்ச் அப்படியேதான் இருக்கிறது. கோபிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால், வந்து அதில் ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள். காபி போட்டுத் தருகிறேன்.