வெளிமாநிலப் பல்கலைக்கழகச் செலவும் நெட் பிரைஸ் கால்குலேட்டரும்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் தாம் வசிக்கும் மாநிலத்துக்கு வெளியே உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், ஆண்டுச் செலவை அறிய அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரைத்தான் (உதவித்தொகை போக மிஞ்சும் செலவை மதிப்பிடும் கருவி) பெரும்பாலும் நாடுகிறார்கள். ஃபெடரல் (மத்திய) அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் பங்கேற்கும் கல்லூரிகள் இக்கருவியை 2011 அக்டோபர் 29க்குள் வெளியிட வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டம் கட்டாயமாக்கியது. கட்டணமின்றிக் கிடைக்கும் இது, எந்தெந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வடிகட்டுவதற்கு நல்ல கருவி. ஆனால் வெளிமாநில மாணவரைப் பொறுத்தவரை, இது காட்டும் தொகையை மட்டும் நம்பி எந்தக் குடும்பமும் முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எல்லாக் கல்லூரிகளின் கால்குலேட்டரும் ஒரே தரத்தில் இல்லை. கல்வித் துறை அளித்த மாதிரியை அப்படியே பயன்படுத்தும் கல்லூரிகளில் சில கேள்விகளே கேட்கப்படுகின்றன. ஒத்த பொருளாதார நிலையில் இருந்த மாணவர்கள் முந்தைய ஆண்டுகளில் பெற்ற உதவியைக் கொண்டு விடை தரப்படுகிறது. வேறு சில கல்லூரிகளோ வருமான வரிப் படிவத்தின் எண்களையும் மதிப்பெண்களையும் கேட்டு, மெரிட் உதவித்தொகையையும் (தகுதி அடிப்படையில் தரப்படுவது) சேர்த்துக் கணக்கிடுகின்றன. வெளிமாநில மாணவருக்குப் பல இடங்களில் மெரிட் உதவிதான் முதன்மையான தள்ளுபடி என்பதால், மதிப்பெண்ணைக் கேட்காத கால்குலேட்டரின் விடைக்கு நான் அதிக மதிப்பளிப்பதில்லை. விடை எந்தக் கல்வியாண்டின் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பள்ளம், கல்லூரிகளை ஒப்பிட அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அத்தளம் காட்டும் சராசரி ஆண்டுச் செலவு, உள்மாநிலக் கட்டணம் செலுத்துவோரை மட்டுமே கணக்கில் கொண்டது. வெளிமாநிலக் குடும்பம் அந்த எண்ணைத் தனக்குரியதாக எடுத்துக்கொண்டால் கணக்கு அடியோடு தவறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் 2024-25ஆம் கல்வியாண்டில் புதிதாகச் சேர்ந்த வெளிமாநில இளநிலை மாணவர்கள் வழக்கமான கட்டணத்துக்கு மேல் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்த தொகை மட்டும் 34,200 டாலர்.

கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள், போக்குவரத்து, சொந்தச் செலவு என்று கல்லூரி வெளியிடும் பட்டியலில் முதல் சில இனங்கள் ஓரளவு துல்லியமானவை. பின்னவை கல்லூரியின் உத்தேசம். போக்குவரத்துக்கு எல்லா வெளிமாநில மாணவருக்கும் ஒரே தொகையைப் போட்டிருந்தால், பக்கத்து மாநிலத்திலிருந்து காரில் வருபவருக்கும் நாட்டின் மறுகோடியிலிருந்து விமானத்தில் வருபவருக்கும் அது ஒன்றாகவே இருக்கும். குளிர்கால விடுமுறையில் பல விடுதிகள் மூடப்படுவதால் வீடு திரும்புவது கட்டாயமாகிவிடுகிறது. கோடையில் பொருள்களைப் பாதுகாத்து வைக்கவும் வாடகை உண்டு. மருத்துவக் காப்பீட்டைத் தனியாகவே விசாரிக்க வேண்டும், ஏனெனில் குடும்பத்தின் காப்பீட்டு வலையமைப்பு அந்த மாநிலத்தில் செல்லாவிட்டால், கல்லூரியின் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற முடியாமல் போகலாம். பொறியியல், வணிகவியல் பிரிவுகளுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு.

முதலாண்டுச் செலவை நான்கால் பெருக்குவதும் சரியாகாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிப்பின் பிந்தைய ஆண்டுகளுக்கான கட்டணமே அதிகம். மாறாக, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2022 முதல், ஒவ்வோர் ஆண்டும் சேரும் மாணவர் அணியின் கட்டணத்தை ஆறு ஆண்டுகள் வரை உயர்த்தாமல் வைத்திருக்கிறது.

கால்குலேட்டர் பொதுவாகக் காட்டாத சலுகைகளும் உள்ளன. மேற்கு மாநிலங்களின் இளநிலைப் பரிமாற்றத் திட்டத்தில் பங்கேற்கும் கல்லூரிகள், அதன்கீழ் தேர்வாகும் மாணவரிடம் உள்மாநிலக் கட்டணத்தில் 150 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவதில்லை. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில், போட்டி அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை பெறுபவருக்கு உள்மாநிலக் கட்டணமே விதிக்கப்படலாம். ஓராண்டு படித்தபின் அந்த மாநிலத்தவர் ஆகிவிடலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்குப் பொதுவாகப் பெற்றோரின் வசிப்பிடமே கணக்கு.

நம் குடும்பங்களில் பலருக்கு முக்கியமான ஒன்று: ஹெச்-1பி போன்ற பணி விசாவில் இருப்போரின் குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபெடரல் உதவித்தொகையும் ஃபெடரல் கடனும் கிடையாது. கால்குலேட்டர் குடியேற்ற நிலையைக் கேட்கவில்லையென்றால், அது கழித்துக் காட்டும் ஃபெடரல் உதவியை மீண்டும் செலவோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, சில கால்குலேட்டர்கள் கடனையும் வளாக வேலை ஊதியத்தையும் கழித்தபின் இன்னொரு தொகையைக் காட்டுகின்றன. திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத உதவியை மட்டும் கழித்த தொகையே உண்மையான செலவு. பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவர் பெறக்கூடிய ஃபெடரல் நேரடிக் கடன் 5,500 டாலர்தான். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் பெற்றோருக்கு, பெற்றோர் தம் பெயரில் வாங்கும் ஃபெடரல் கடனான பேரண்ட் பிளஸும் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்ற வரம்புக்கு உட்பட்டது. கட்ட வேண்டிய தொகை இந்தக் கடன்களுக்கு மேல் போனால், மிச்சத்தைச் சேமிப்பிலிருந்தோ வட்டி கூடுதலாக இருக்கக்கூடிய தனியார் கடனிலிருந்தோதான் கொடுக்க வேண்டியிருக்கும்.